வெடிக்காத தோட்டா, வெளிவராத கூடு: ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றின் ஆறாண்டுக் கணக்கு

நடுவில் மடித்துத் திறந்து, ஒரே ஒரு தோட்டாவை இட்டு மூடிச் சுடும் 12 போர் (‘போர்’ என்பது குழல் துளையின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை ஆறு ஆண்டுகளாக வேட்டைக்குப் பயன்படுத்தி வருகிறேன். எடை, பிடி, குறி என்று இதைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. ஆனால் இவ்வகைத் துப்பாக்கியை இரண்டே கேள்விகளால்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து: விசையை இழுத்தால் வெடிக்கிறதா, வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டைத் தகராறு இல்லாமல் திருப்பித் தருகிறதா? இரட்டைக்குழலில் ஒரு தோட்டா பொய்த்தால் அடுத்த குழல் கைகொடுக்கும். இதில் அதற்கு வழியில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இந்தத் துப்பாக்கி இரண்டு கேள்விகளிலுமே தடுமாறியது. உரிய முறையில் சரிசெய்த பிறகோ, நான் கையாண்டவற்றில் இதைவிட நம்பகமானது வேறில்லை.

முதல் தடுமாற்றம் வாங்கிய ஆண்டிலேயே, கடுங்குளிர் நிறைந்த ஒரு விடியற்காலையில் நேர்ந்தது. வாத்து எழும்பியது, விசையை இழுத்தேன், அடிக்கும் சுத்தியான குதிரை விழுந்த ஓசை மட்டும் கேட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் உடனே மடித்துத் திறந்து பார்க்கத் தோன்றும், திறக்கவே கூடாது. பிரைமர் (தோட்டாவின் பின்புறத் தட்டின் நடுவில் உள்ள சிறு பற்றவைப்பு மூடி) மெதுவாகப் பற்றி, வெடிமருந்து சற்றுத் தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. அந்த நொடியில் குழல் மூடியிருக்க வேண்டும். குழலின் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி காத்திருந்து, அதன் பிறகே திறந்தேன்.

வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது விடை பாதி கிடைத்துவிட்டது. நல்ல அடி விழுந்த பிரைமரின் நடுவில் உருண்டையான, ஆழமான குழி இருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டும். இதிலோ பென்சில் முனையால் அழுத்தியது போன்ற ஒரு புள்ளிதான் இருந்தது. பயிற்சித் திடலில் அதே பெட்டித் தோட்டாக்களை இட்டுப் பார்த்தபோது சில வெடித்தன, சில வெடிக்கவில்லை. வெடிக்காதவை இரண்டாம் அடியில் வெடித்தன. இரண்டாம் அடியில் வெடித்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பிரைமர் அதன் குழிக்குள் முழுதாக இறங்காமல் மேலேறி நின்றாலும் இதே கதைதான்: முதல் அடி அதை உள்ளே இறக்குவதிலேயே செலவாகிவிடும், இரண்டாம் அடி பற்றவைக்கும். நான் விரல் நுனியால் தடவிப் பார்த்தவை எல்லாம் தட்டின் மட்டத்துக்குச் சமமாகவே இருந்தன. ஆகவே குறை துப்பாக்கியின் அடியில்தான்.

அடி ஏன் வலுவிழக்கிறது என்பதைத் தேடும்போது, எளியதிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். குழல் முழுதாகப் பூட்டிக்கொள்கிறதா என்று முதலில் பார்த்தேன். கொண்டி அமரும் மேடையில் கிரீஸோ, மருந்துக் கரியோ, ஒரு புல்லின் துணுக்கோ ஒட்டியிருந்தாலே போதும், குழல் முடி அளவு திறந்து நிற்கும், அடி சரியாக விழாது. அடுத்தது, விசையை இழுக்கும் முறை. இந்தத் துப்பாக்கியில் குதிரை நேராக, பிரைமரைக் குத்தும் அடி ஊசியைத் தொடுவதில்லை. விசையை இழுக்கும்போது மேலெழும் ஒரு சிறு எஃகுத் தகடுதான் குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்துகிறது. டிரான்ஸ்ஃபர் பார் என்பது அதன் பெயர். துப்பாக்கி கீழே விழுந்து குதிரையில் அடிபட்டாலும் வெடிக்காமல் காப்பது அதுவே, அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விசையைத் தட்டிவிட்டு விரலை உடனே எடுத்தால், குதிரை விழுவதற்குள் தகடு கீழே சரியத் தொடங்கி, அடி மெலிந்துவிடும். விசையைக் கடைசிவரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும் என்ற இந்த ஒரே ஒரு வாக்கியம் உடன் வந்த கையேட்டில் இல்லாதது பெரிய குறை.

என் துப்பாக்கியில் உண்மையான காரணம் இவை இரண்டுமல்ல. துப்பாக்கிப் பட்டறையில் அடி ஊசியைக் கழற்றியபோது, அது ஓடும் துளை முழுவதும் பழுப்பு நிறத்தில் மெழுகு போல ஏதோ திரண்டிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய காப்பு கிரீஸ் அது. வெயிலில் இளகி வழிவிடும், குளிரில் இறுகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஒரு தோட்டாகூடப் பொய்க்காததும், குளிர்காலத்தில் தொல்லை கிளம்பியதும் அதனால்தான். விசையை இழுத்துப் பிடித்து ஊசியை முழுதாக முன்னே தள்ளி அளந்தபோது, அதன் முனை 1.1 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே நீண்டது. துளையையும் ஊசியையும் கரைப்பான் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடாமல் மீண்டும் பூட்டியபின் அதே அளவு 1.4 மில்லிமீட்டராக உயர்ந்தது. அன்றைக்கே பிரைமர்களில் விழுந்த குழிகள் ஆழமாகிவிட்டன. அக்கறையில் பலரும் செய்யும் தவறு, அந்தத் துளைக்குள் எண்ணெயைப் பீய்ச்சுவது; அது தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும், போதாக்குறைக்குத் தோட்டாவின் பிரைமருக்குள் ஊறி அதையும் கெடுக்கும்.

குதிரையின் சுருள்வில் தளர்ந்திருந்தாலும், ஊசியின் முனை மழுங்கியோ உடைந்தோ போயிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். தோட்டாவின் விளிம்பு அமரும் பள்ளம் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தாலும் அப்படியே: ஊசி தட்டியதும் தோட்டா முன்னே நழுவி அடியின் வேகத்தை விழுங்கிவிடும். கீல் ஆணி தேய்ந்த பழைய துப்பாக்கிகளில் இதை அதிகம் காணலாம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, காலித் துப்பாக்கியின் குழலைப் பிடித்து அசைத்தால் தளர்ச்சி கையிலேயே தெரியும். என்னுடையதில் இம்மி அளவு ஆட்டமும் இல்லை; ஆறு ஆண்டுக்குப் பிறகும் இல்லை.

கூடு வெளிவராத தொல்லை இரண்டாம் ஆண்டில் வந்தது, அதுதான் என்னை அதிகம் வாட்டியது. வெடித்த தோட்டாவின் அடித்தட்டு அழுத்தத்தில் விரிந்து தோட்டா அறையின் சுவரை ஒட்டிக்கொண்டு, அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விலக வேண்டும். பித்தளை நன்றாகச் சுருங்கும். பித்தளை முலாம் பூசிய மலிவான எஃகுத் தட்டு அவ்வளவாகச் சுருங்காது. அறையின் சுவர் சொரசொரப்பாக இருந்துவிட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் வாங்கிய புதிய பெட்டியில் இருந்தவை அத்தகைய எஃகுத் தட்டுத் தோட்டாக்கள். கூட்டை விளிம்பில் பற்றி வெளியே தள்ளும் உறுப்பான எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைச் சற்றுத் தூக்கிவிட்டு, அதைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டது. கூடு அறைக்குள்ளேயே நின்றது.

பிறகு அந்தக் கூட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தட்டைச் சுற்றி மெல்லிய வளையக் கோடுகள், இசைத்தட்டின் வரிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. தோட்டா அறையைக் கடைந்த கருவியின் தடங்கள் மெருகிடப்படாமல் விடப்பட்டு, அப்படியே கூட்டின் மீது அச்சாகியிருந்தன. அவற்றுக்கு முன்னே, உருகிய பிளாஸ்டிக்கின் மெல்லிய படலமும் அறையில் படிந்திருந்தது. வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டன. கருவித் தடங்களைப் பட்டறைக்காரர் நுண்ணிய மெருகுப் பசையால், அறையின் அளவு மாறாமல் தேய்த்துக் கொடுத்தார். இதை வீட்டில் உப்புத்தாளைக் கொண்டு செய்ய எவரும் முயல வேண்டாம். சற்று அதிகம் தேய்ந்தாலும் அறை கெட்டது கெட்டதுதான். எக்ஸ்ட்ராக்டரின் முனையும் உருண்டிருந்ததால் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. அந்த உறுப்பு விளிம்பின் மிகச் சிறு பகுதியையே பற்றுகிறது என்பது இந்த வடிவமைப்பில் நான் காணும் நிலையான குறை. மடித்துத் திறக்கும் ரைஃபிள் வாங்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: .30-30, .45-70 போன்று விளிம்பு வெளியே நீண்ட தோட்டாக்களை இவ்வகை எளிதாகக் கழற்றும்; .308 போன்ற விளிம்பில்லாத் தோட்டாக்களுக்கு ஸ்பிரிங் வைத்த கொக்கி தேவைப்படும், அது வழுக்கும் வாய்ப்பும் அதிகம்.

சிக்கிய கூட்டைக் குழலின் வாய்வழியே மரக்கம்பியை விட்டு மெல்லத் தட்டி வெளியேற்றலாம், ஆனால் அது வெடித்த கூடு என்று உறுதியாகத் தெரிந்த பிறகே. வெடிக்காத தோட்டா சிக்கினால் வாய்ப்புறமிருந்து எதையும் செலுத்தாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புவதே சரி. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 12 போர் அறைக்குள் தவறுதலாக இட்ட, அதைவிடச் சிறிய 20 போர் தோட்டா விளிம்பில் நிற்காமல் உள்ளே வழுக்கிச் சென்று, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் தங்கிவிடும். விசையை இழுத்தால் வெடிக்காது. திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா இட மறந்தோம் என்று எண்ணி மேலே ஒரு 12 போரை இட்டுச் சுட்டால் குழல் சிதறும். 20 போர் தோட்டாவின் கூடு மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இதைத் தவிர்க்கத்தான். வெடிச் சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டாலும், தோட்டா இட்ட நினைவிருக்க அறை காலியாக இருந்தாலும், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடாகப் பார்க்காமல் அடுத்ததை இடாதீர்கள். தோட்டா அறையின் நீளத்தையும் பாருங்கள். 70 மில்லிமீட்டர் அறைக்குள் 76 மில்லிமீட்டர் தோட்டா மூடிய நிலையில் அடங்கிவிடும். வெடித்து, தோட்டாவின் வாயை மூடிய மடிப்பு விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். தொடர்ந்து சிக்கும் கூடுகளுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பெட்டியைப் பிரித்த அன்றே வேட்டைக்குக் கிளம்ப நினைப்பவருக்கு இந்தத் துப்பாக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடி ஊசியைக் கழற்றிக் கழுவவும், தோட்டா அறையைப் பட்டறையில் ஒருமுறை காட்டவும் பொறுமை உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். கடந்த இரண்டு பருவங்களில் பித்தளைத் தட்டும் எஃகுத் தட்டுமாக ஏறத்தாழ 300 தோட்டாக்களைச் சுட்டிருக்கிறேன். ஒரு கூடும் சிக்கவில்லை. ஒரு தோட்டா மட்டும் வெடிக்கவில்லை. காத்திருந்து எடுத்துப் பார்த்தேன், பிரைமரின் நட்டநடுவில் குழி ஆழமாக, உருண்டையாக விழுந்திருந்தது. குறை தோட்டாவில்தான்.