கடிப்பதா, அழுத்துவதா, டைமரிடம் விடுவதா: வானில் ஹெல்மெட் கேமரா மக்கர் செய்தால்

விமானத்திலிருந்து 4,000 மீட்டரில் குதித்தால், பாராசூட் விரியும் வரை ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். பயிற்றுநரோடு பயணியைச் சேர்த்துக் கட்டிக் குதிக்கும் டேண்டம் என்றால் இன்னும் குறைவு. 1,500 மீட்டர் உயரத்திலேயே பாராசூட்டை விரித்துவிடுவார்கள். அவர்களோடு கூடவே குதித்துப் படமெடுப்பவருக்கு, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே, தன் தலை உச்சியில் இருக்கும் கேமராவின் திரையைப் பார்க்க வழியே இல்லை. பெரும்பாலான பயணிகள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் குதிக்கிறார்கள். அந்தப் படம் போனால் போனதுதான்.

அதனால் ஷட்டரை, அதாவது படத்தைப் பதிக்கும் பொறியை, இயக்கும் முறைகளை ஒப்பிடும்போது, எது வசதி என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கெட்டுப்போனால் எனக்கு எப்போது தெரியவரும் என்பதுதான் முதல் கேள்வி. தரையிலேயே தெரியுமா, மேலே ஏறும் கால் மணி நேரத்தில் தெரியுமா, இறங்கி வந்து மெமரி கார்டைத் திறக்கும்போதுதான் தெரியுமா?

வாயில் வைத்துக் கடிக்கும் பைட் சுவிட்ச்தான் பலரும் வைத்திருப்பது. மெல்லிய ரப்பர் குழாய்க்குள் இரண்டு உலோகத் தகடுகள். கடித்தால் ஒட்டும், விட்டால் பிரியும். இதன் பெரிய எதிரி எச்சில். குழாயில் பல் பட்டுப் பட்டு ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலே போதும், ஈரம் உள்ளே போய்த் தகடுகளுக்கு இடையே மின்சாரம் கசியும். அப்போது கேமரா செத்துப்போகாது. தானாகவே படம் சுட ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஏறும்போது விமானத்தின் இரைச்சலில் ஷட்டர் சத்தத்தை நான் கவனிக்கவில்லை. கதவு திறந்தபோது கார்டு முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால்தான் இருந்தது. அந்தப் பயணியிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. சுவிட்சின் கேபிளைக் கேமராவிலிருந்து பிடுங்கிவிட்டு, கேமராவின் சொந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஒழுங்காகச் சுட்டால் குற்றம் சுவிட்சிலோ கேபிளிலோதான். மாற்றுக் கேபிளைச் செருகிப் பாருங்கள், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கேனனின் சிறிய கேமராக்களில் இருப்பது 2.5 மி.மீ. ஜாக். அதன் நுனி ஷட்டருக்கு, நடு வளையம் ஃபோகஸுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. பொத்தானைப் பாதி அழுத்துவது என்றால் நடு வளையம் அடிப்பகுதியோடு சேர்வது, முழுதாக அழுத்துவது என்றால் நுனியும் சேர்வது. இது மனதில் இருந்தால், 'கேமரா விழிக்கிறது, ஆனால் சுடவில்லை' என்பதற்கும் 'விழிக்கவே இல்லை' என்பதற்கும் எந்தக் கம்பியைத் தேட வேண்டும் என்று தடுமாற மாட்டீர்கள்.

நாக்கு சுவிட்ச் இதற்குத் தம்பி மாதிரி. உள்ளே இருப்பது சின்ன மைக்ரோ சுவிட்ச். நாக்கால் அழுத்தினால் 'க்ளிக்' என்று உணர முடியும். வானில் அந்த உணர்வுக்குப் பெரிய மதிப்பு உண்டு. காற்றில் ஷட்டர் சத்தம் காதில் விழாது, ஆனால் நான் அழுத்தினேனா இல்லையா என்பதில் சந்தேகம் வராது. பல்லால் கடிபடாததால் தேய்மானமும் குறைவு. வாயிலிருந்து நழுவிவிடும் என்பதுதான் குறை. கதவிலிருந்து பாயும் நொடியில் காற்று வாயை அகலப்படுத்தும்போது பைட் சுவிட்சைப் பல் பிடித்து வைத்திருக்கும், இதை எதுவும் பிடித்து வைக்காது. கேபிளைத் தாடைப் பட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கை சுவிட்சைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசப்போவதில்லை. கையில் பொத்தான், அங்கிருந்து முழங்கை, தோள், கழுத்து வழியாக ஹெல்மெட்டுக்கு ஒரு கேபிள். பழுது பார்க்க இதுதான் மிக எளிது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாராசூட் விரியும்போது கயிறுகள் எதில் வேண்டுமானாலும் சிக்கலாம். சிக்கினால் ஹெல்மெட்டை ஒரே இழுப்பில் கழற்றி எறிய வேண்டும். அந்த நேரத்தில் கேபிள் ஹெல்மெட்டை உடம்போடு கட்டிவைத்திருந்தால், கழற்றியதற்கு அர்த்தமே இல்லை. இழுத்தால் தானாகப் பிரியும் இணைப்பு நடுவில் இல்லாத கை சுவிட்சை யாரும் கட்டிக்கொள்ளக் கூடாது. கைகள் பறப்பதற்கானவை என்பது அப்புறம்தான்.

டைமர் வைப்பவர்களும் உண்டு. நொடிக்கு ஒரு படம் என்று விட்டுவிட்டால் வாயும் கையும் சும்மா இருக்கும். விமானத்தில் ஓடினால் வெளியேயும் ஓடும், கோளாறு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் டேண்டம் ஜோடி கதவை விட்டுப் பிரியும் கணம் ஒரு நொடிக்கும் குறைவு. அது இரண்டு படங்களுக்கு நடுவே போய்விடும். 4கே வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே வகைதான். 3840-க்கு 2160 என்றால் 8 மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டும். கைப்பேசியில் பார்க்கப் போதும், சுவரில் மாட்ட மனம் வராது. ஆனாலும் வீடியோ கேமரா எப்படியும் ஹெல்மெட்டில் இருக்கப்போகிறது, அது ஓடட்டும். ஷட்டர் ஏமாற்றிய நாளில் அந்தப் பயணிக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

சரி, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கேமரா சுடவில்லை. அப்போது பெரும்பாலும் குற்றவாளி ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸை ஒற்றைப் பட முறையில் வைத்திருந்தால், ஃபோகஸ் பூட்டாதவரை ஷட்டர் விழாது. வெறும் நீல வானத்தில் அது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தரையில் நூறு முறை சோதித்தாலும் இது தெரியாது, ஏனென்றால் தரையில் எப்போதும் ஏதாவது ஒரு பொருள் எதிரே இருக்கும். தொடர் ஃபோகஸுக்கு மாற்றி, ஃபோகஸைவிட ஷட்டருக்கு முன்னுரிமை என்று அமைத்தால் சுடும், ஆனால் சில படங்கள் மங்கலாக வரும்.

என் வாக்கு கைமுறை ஃபோகஸுக்கே. 18 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்ற லென்ஸ் துவார அளவு, ஏ.பி.எஸ்.-சி என்ற நடுத்தர அளவு சென்சார் என்றால், சுமார் 2 மீட்டரில் ஃபோகஸை வைத்தாலே 1 மீட்டர் தொடங்கித் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். வளையத்தை டேப்பால் ஒட்டிவிட்டால் முடிந்தது. ஜூம் வளையத்துக்கும் மோடு டயலுக்கும் சேர்த்தே ஒட்டுங்கள், நெரிசலான விமானத்தில் யாராவது உரசினாலே அவை திரும்பிவிடும். ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே வேண்டாம்.

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அது இல்லாத புதிய மிரர்லெஸ்ஸும் பிரிவது இங்கேதான், இதைப் பலர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். கேமராவோடு சேர்த்தே விற்கும் பழைய கிட் லென்ஸ்களில் வளையம் லென்ஸின் உள்கண்ணாடியை நேரடியாக நகர்த்தும், டேப் ஒட்டினால் நிற்கும். ஸ்டெப்பிங் மோட்டாரால் இயங்கும் கேனனின் எஸ்.டி.எம். வகை லென்ஸ்களிலும் மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றிலும் வளையம் வெறும் மின் கட்டளைதான். கேமரா தூங்கி எழுந்தால் ஃபோகஸ் வேறு இடத்துக்குப் போய் நிற்கலாம். வெளியே டேப் அப்படியே இருக்கும், உள்ளே ஃபோகஸ் போயிருக்கும். எடை குறைவு என்பதால் பாராசூட் முரட்டுத்தனமாக விரியும்போது கழுத்துக்கு மிரர்லெஸ்தான் நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை வாங்கினால் தானாக அணையும் அமைப்பை முதலில் நிறுத்துங்கள், ஃபோகஸ் நிலையை நினைவில் வைக்கும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

லென்ஸில் ஈரம் படிந்து மங்குவது மட்டும் எந்த முறையையும் விட்டுவைக்காது. துபாயில் பனைமர வடிவச் செயற்கைத் தீவான பாம் ஜுமேராவின் ஓரத்தில் குதிப்பவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஏசி அறையிலிருந்து கடற்கரைப் புழுக்கத்துக்கு வந்தாலே லென்ஸ் வியர்க்கும். அப்புறம், 4,000 மீட்டரில் வெப்பம் தரையைவிட 25 டிகிரி அளவுக்குக் குறைவு, அங்கே குளிர்ந்த கண்ணாடி கீழே ஈரக்காற்றில் மறுபடி மூடிக்கொள்ளும். குதிக்கும் முன் அரை மணி நேரமாவது கேமராவை வெளியே நிழலில் வைத்தால் முதலாவது தீரும். இரண்டாவது பெரும்பாலும் பாராசூட் விரிந்த பிறகுதான் வரும், அதற்குள் முக்கியமான படங்கள் முடிந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எதைச் சொல்வேன்? அமெரிக்க பாராசூட் சங்கம் பரிந்துரைக்கும் 200 குதிப்புகளை முடித்த பிறகு, நாக்கு சுவிட்ச், நேரடி வளையமுள்ள பழைய லென்ஸ், கைமுறை ஃபோகஸ், பையில் ஒரு மாற்றுக் கேபிள். ஏறும்போது இரண்டு முறை சோதனைப் படம், கதவு திறக்கும் முன் இன்னொன்று. அதில் ஒன்று விழாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குத் திரை தெரியும். குதித்த பிறகும் சுடவில்லை என்றால் ஒரு முறை விட்டு அழுத்துங்கள், அவ்வளவுதான். உயரமானியைப் பாருங்கள், ஜோடியை வீடியோவின் ஃபிரேமுக்குள் வைத்துக்கொண்டு விழுங்கள். கையை ஹெல்மெட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.