பொன்னியின் செல்வன் வாசகர் கூடல்: தஞ்சாவூரா, கோடிக்கரையா, வீராணமா?

இந்த ஆண்டுக் கூடலை எங்கே, எப்போது வைப்பது என்று எங்கள் பொன்னியின் செல்வன் வாசகர் குழுவில் மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் நாற்பது பேர். பாதிப் பேர் சென்னை, மற்றவர்கள் கோவை, மதுரை. இப்போது மூன்று ஊர்கள் மிஞ்சியிருக்கின்றன. என் ஓட்டு வீராணம் ஏரிக்கரைக்கு, அதுவும் ஆடிப்பெருக்கு அன்று.

அதிகம் பேர் கேட்பது தஞ்சாவூர்தான், ஐப்பசி சதயத்தில். ராஜராஜனின் நட்சத்திரத்தன்று பெரிய கோயிலில் நிற்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ரயில் வசதியும் தங்க இடமும் தாராளமாக உண்டு. ஆனால் அது அடைமழைக் காலம். நாளும் நிலையாக இருக்காது. ஓர் ஆண்டு அக்டோபர் கடைசியில் வரும், இன்னோர் ஆண்டு நவம்பர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும். விழாக் கூட்டத்தில் நாற்பது பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசவும் முடியாது. அப்புறம் இன்னொன்று: கோயில் முடிந்தது 1010-இல். நம் கதையில் அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், இன்னும் இளவரசன், அந்த விமானமே எழும்பவில்லை.

கோடிக்கரையை ஜனவரியில் வைக்கலாம் என்பது கதையில் அந்த ஊர்ப் படகுக்காரப் பெண்ணாக வரும் பூங்குழலியின் ரசிகர்களின் ஆசை. குழகர் கோயில், வலசை வந்த பறவைகள், வெளிமான், 2004 சுனாமியில் இடிந்த பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. பத்துப் பேர் வேனில் போனால் அருமையான பயணம். நாற்பது பேரோடு, அதில் எழுபது வயதைத் தாண்டியவர்களும் இருக்கும்போது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வேதாரண்யத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, வீராணம். ஆடிப் பதினெட்டு மாலையில் கதாநாயகன் வந்தியத்தேவன் இந்த ஏரிக்கரையில் குதிரையில் வருவதில்தான் கதையே தொடங்குகிறது. ஊரும் நாளும் கதையோடு இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது இங்கே மட்டும்தான். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு: 2004 முதல் அவர்கள் ஊருக்குக் குடிநீர் போவது இந்த ஏரியிலிருந்தும்தான்.

போன ஆண்டு ஆடிப்பெருக்கு அன்று மூன்று பேர் போய்ப் பார்த்தோம். கரையில் பெண்கள் வாழையிலை விரித்து, காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி படைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. ஒரு பாட்டி முந்தானையால் மறைத்துக்கொண்டே ஏற்றினார். எங்கள் கையிலும் ஒரு பிடி காப்பரிசியை வைத்தார்.

அன்று காலையில் காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரிகிறது. எழுத்துக் கூட்டிப் படித்து, 'ரவிதாசன்' என்று வந்தபோது மூவருக்கும் பேச்சு வரவில்லை. கதையில் நாம் பயந்த ஆள், ராஜராஜனின் தொடக்க ஆண்டுகளிலேயே துரோகி என்று கல்லில் பதிவான ஆள். நாற்பது பேரும் அந்தச் சுவர் முன் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. கதையில் கரிகாலன் கொலையாகும் கடம்பூரும் பக்கத்தில்தான், மேலக்கடம்பூரில் தேர் வடிவில் ஒரு கோயில் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால்தான் ஆடியில் ஏரி கண்ணுக்கு நிறையும். அது தப்பினால் கரையிலிருந்து பார்ப்பது பாதி தரையாக இருக்கும். நிழலும் குறைவு, வெயில் கொளுத்தும். ஆனாலும் கல்வெட்டுக்குத் தண்ணீர்க் கணக்கு கிடையாது.

2026-இல் ஆடி 18, ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. ஞாயிறு மாலைக்குள் எல்லோரும் சிதம்பரம் வந்துவிடலாம். கோவைக்காரர்களுக்கு மயிலாடுதுறை வரை ஜன் சதாப்தி இருக்கிறது. மறுநாள் காலையில் உடையார்குடி, வெயில் நேரத்தில் ஒரு மண்டபத்தில் பேச்சும் சாப்பாடும், நாலரைக்கு மேல் ஏரிக்கரை. அங்கே முதல் அத்தியாயத்தை யாராவது ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஒரு நாள் லீவு போட முடியுமா என்று மட்டும் எல்லோரும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். சிதம்பரத்தில் அறை பிடிக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.