வால்வு மைக் என்று சொல்லி எல்.இ.டி. விளக்கை விற்றார்கள்: வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் குரல் பதிவு செய்ய மைக் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னையில் நேரில் போய், பாடிப் பார்த்து, பில் போட்டு வாங்கிய மைக்கிலேயே எங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

என் சித்தி பக்திப் பாடல்கள் பாடுவார். மேல் ஸ்தாயியில் குரல் கணீரென்று இருக்கும். ஆனால் போனில் பதிவு செய்தால் 'ஸ', 'ஷ' எல்லாம் காதைக் கிழிக்கும். அதனால்தான் "வார்மா கேட்கிற மைக் வேணும்" என்று கேட்டோம். கடைக்காரர் உடனே ஒரு பெரிய கன்டென்சர் மைக்கை (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) எடுத்து வைத்தார். "வால்வு மைக்மா, அந்தக் காலத்து ஸ்டுடியோ சவுண்டு வரும்" என்றார். வால்வு என்றால் பழைய ரேடியோக்களில் சூடாகி ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய். கம்பி வலைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. சித்தி இரண்டு வரி பாடினார், தேனாக இருந்தது. விலை 14,500 ரூபாய்.

வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) மாட்டினால் அதே காதைக் கிழிக்கும் சத்தம். கூடவே இரைச்சல். கடையில் சித்தி பாடும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே மைக் மிக்ஸர் வழியாகப் போயிருக்கிறது. ட்ரெபிள் (கூர்மையான சத்தம்) குமிழ் நன்றாகக் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, ரிவெர்ப்பும் (எதிரொலி) போட்டிருக்கிறது. நாங்கள் கேட்டது மைக்கின் சத்தமே இல்லை.

சந்தேகம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வால்வு சூடாகி வேலை செய்யச் சற்று நேரம் பிடிக்கும். பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். இந்த மைக்கிலோ போட்டவுடனே வெளிச்சம் வந்தது, எத்தனை நேரம் ஓடினாலும் சில்லென்றே இருந்தது. தவிர, 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) ஒரு மைக்குக்குக் கிடைப்பது அதிகபட்சம் 10 மில்லி ஆம்பியர்தான். வழக்கமான வால்வைச் சூடாக்க அது போதாது. ஆகவே வால்வு மைக்குகளோடு பெரும்பாலும் தனிப் பவர் சப்ளை பெட்டி வரும். எங்களுக்கு அப்படி எதுவும் தரவில்லை.

அடிப்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினேன். வால்வு இல்லை. ஆரஞ்சு எல்.இ.டி. ஒன்று. அவ்வளவு பெரிய வலைக்குள், விரல் நகம் அளவில் ஒரு எலெக்ட்ரெட் காப்ஸ்யூல். காப்ஸ்யூல் என்றால் மைக்கில் சத்தத்தைப் பிடிக்கும் பாகம்.

உள்ளே நிஜமாகவே பெரிய காப்ஸ்யூல் இருந்தாலும் கவனம் தேவை. 1960-ல் வந்த நாய்மன் யு67 என்ற ஸ்டுடியோ மைக்கின் கே67 காப்ஸ்யூலுக்கு இயல்பிலேயே ட்ரெபிள் தூக்கல். அதை அடக்குவது அந்த மைக்கின் சர்க்யூட். விலை குறைந்த மைக்குகள் பலவும் காப்ஸ்யூலின் வடிவத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு அந்தச் சர்க்யூட்டை விட்டுவிடுகின்றன. தோற்றம் ஸ்டுடியோ மைக் மாதிரி இருக்கும், 'ஸ' மட்டும் ஊசியாகக் குத்தும்.

அப்புறம் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கும் நண்பரிடம் ஒரு ஷூர் எஸ்எம்58 இரவல் வாங்கினோம். 1966-லிருந்து வருகிற டைனமிக் மைக், அதாவது தனியாக மின்சாரம் தேவைப்படாத வகை. வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, உதட்டுக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தோம். இந்த வகை மைக்கில் கிட்டே போகப் போக பாஸ் கூடும். சித்தியின் குரலுக்குத் தேவைப்பட்ட கனம் அதிலேயே வந்துவிட்டது. பக்கத்து அறை மின்விசிறிச் சத்தமும் அவ்வளவாக ஏறவில்லை. வாங்குவதாக இருந்தால் எடையைப் பாருங்கள்: அசல் சுமார் 300 கிராம் இருக்கும். போலிகள் நிறைய உலவுகின்றன.

கடையில் போய்க் கேட்டால் "பெட்டியைப் பிரிச்சிட்டீங்க, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுவரும் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, "வேற மாடல் தரோம் சார்" என்று. வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கடையில் பாடிப் பார்க்கும்போது உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் மிக்ஸரில் மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் 'வால்வு மைக்' என்று எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் அது இருப்பதால்தான் இப்போது பேச முடிகிறது.