எப்ரோ டெல்டாவின் பொம்பா அரிசி: மன்னார்குடி அடுப்பில்

மச்சான் ஸ்பெயினிலிருந்து வரும்போது ஒரு துணிப்பை பொம்பா அரிசி கொண்டுவந்தார். எப்ரோ ஆறு மத்தியதரைக் கடலில் கலக்கும் டெல்டாவில் விளைந்தது. நெல் போடுகிற வீடு எங்களது, அதனால் முதலில் உள்ளங்கையில் கொட்டித்தான் பார்த்தேன்: குட்டை, உருண்டை, நடுவயிற்றில் சுண்ணாம்பு வெள்ளை.

வடித்து சாம்பார் ஊற்றிச் சாப்பிட இது சரிவராது, குழம்பு ஒட்டவே இல்லை. ஆனால் நாகப்பட்டினத்து இறால் தலைகளை வேகவைத்து வடிகட்டிய சாற்றில், ஒன்றுக்கு மூன்று பங்கு, அகலச் சட்டியில் மூடாமல் கிளறாமல் விட்டால், சாறு முழுவதையும் குடித்துப் பெருக்கிறது, குழைவதே இல்லை. அருமை!

அது விளைகிற மொன்சியா வட்டாரமும் நம் ஊர் மாதிரிதான். அம்போஸ்தா நகரைச் சுற்றி வயல், கரையோரம் மீன்பிடி. குறுவை, தாளடி எல்லாம் கிடையாது, வசந்தத்தில் விதைத்து செப்டம்பர் வாக்கில் அறுக்கிற ஒரே போகம். எப்ரோ ஆற்றின் மேல்பகுதியில் மெக்கினென்சா, ரிபா-ரோஜா அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்வதால் கரை அரிக்கிறது, 2020 ஜனவரியில் குளோரியா புயல் வயலுக்குள் கடலையே கொண்டுவந்தது. 2018 கஜாவைப் பார்த்த நமக்கு அந்த விவசாயிகளின் கவலை நன்றாகவே புரியும்.

விலை சீரகச் சம்பாவைவிட மிக அதிகம். பிரியாணிக்கு நம் சம்பாவே போதும், இறால் சோற்றுக்கு மட்டும் இதை வாங்கலாம். அப்புறம், சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்.