பழைய கட்டிடத்துக்குப் பசுமைச் சான்று: பெரியது, நடுத்தரம், சிறியது மூன்றிலும் என் அனுபவம்

கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய ஐடி கட்டிடம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, கோபியில் சொந்தக்காரர் நடத்தும் இரண்டு மாடி கிளினிக், மூன்றிலும் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறேன். கரண்டையும் தண்ணீரையும் வீணாக்காமல் நடக்கும் கட்டிடம் என்று தரும் பசுமைச் சான்றை முதல் இரண்டுக்கும் வாங்கி, புதுப்பித்தும் ஆயிற்று. வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் கட்டிடத்தின் அளவைப் பொறுத்து மாறும்.

புதிதாகக் கட்டும்போது வாங்கும் சான்று பெரும்பாலும் வரைபடத்தையும் கணக்கீட்டையும் நம்பி வருவது. பழைய கட்டிடத்தில் அது நடக்காது, ஒரு வருட கரண்ட் பில்லையும் தண்ணீர்க் கணக்கையும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஐடி கட்டிடத்துக்கு நாங்கள் போனது ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில்) வழியாக, சிஐஐ என்கிற இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் தொடங்கிய அமைப்பு அது. சான்று 3 வருடம் செல்லும், அப்புறம் மறுபடி கணக்குக் காட்ட வேண்டும்.

அங்கே பெரிய பலன் தந்தது துணை மீட்டர்தான். அதுவரை மொத்தத்துக்கும் ஒரே உயர் அழுத்த (ஹெச்டி) மீட்டர், எது எவ்வளவு இழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்), பம்ப், லிப்ட், மாடிவாரி விளக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்ட பிறகு நைட் ஷிப்ட் எலக்ட்ரீசியன் தம்பி கேட்டான், "ஏனுங்ணா, ஆளே இல்லாத மாடி ராத்திரியெல்லாம் இப்படி ஓடுது?" போய்ப் பார்த்தால் காலி மாடியில் ஏசி காற்று யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது காலையில் சில்லரைத் தாமதமாகப் போட்டாலே போதும் என்பதும் மீட்டரைப் பார்த்துப் பழகியதுதான். பத்தாயிரக்கணக்கான சதுர அடி உள்ள கட்டிடம் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், ஆளும் இருக்கும், மிச்சமும் பெரிதாக வரும்.

திருப்பூரில் காரணமே வேறு. வெளிநாட்டு பையர் கேட்டார், அதனால் லீட் என்கிற அமெரிக்கப் பசுமைச் சான்று. 40 மதிப்பெண் வந்தால் சான்று, 60 தங்கம், 80 பிளாட்டினம். பையருக்காகத் தொடங்கினாலும் கம்பெனிக்கு நல்லது நடந்தது. பழைய தையல் மெஷின்களில் கிளட்ச் மோட்டார், தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். நூற்றுக்கணக்கான மெஷினில் மாற்றினால் பில்லில் நன்றாகவே தெரியும். கம்ப்ரசர் லைனில் காற்று ஒழுகியதை அடைத்ததும் அப்படித்தான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது வேலை செய்பவர்களிடம் எடுக்கும் சர்வே. மேற்குச் சுவர் ஓரம் உட்கார்ந்து தைக்கும் அக்காக்கள் மத்தியானச் சூட்டை அதில் எழுதினார்கள், அதன் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே மறைப்புப் போட்டார்கள். அதற்கு முன்னால் யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

கோபி கிளினிக்குக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆலோசகர் கூலி, கட்டணம், தினமும் பதிவேடு எழுத ஆள், இதெல்லாம் சேர்ந்தால் அந்தச் சின்னக் கட்டிடம் பல வருடத்தில் மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ கட்டிடங்களுக்குத் தரும் நட்சத்திரத்துக்கு 100 கிலோவாட் இணைப்பு வேண்டும், அதுவும் எட்டாது. சான்று இல்லாமலே வேலையைச் செய்தோம். 75 வாட் பேனுக்குப் பதில் 30 வாட் பக்கம் இழுக்கும் பிஎல்டிசி, பழைய ட்யூப் லைட்டுக்குப் பதில் எல்ஈடி, குழாயில் காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் ஏரேட்டர், மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பூச்சு, அவ்வளவுதான். சான்று கட்டாயம் வேண்டும் என்கிற சிறு கட்டிடக்காரர்கள் எட்ஜ் என்கிற சான்றுத் திட்டத்தைப் பார்க்கலாம், கரண்ட், தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிப்பதால் வரும் கார்பன் மூன்றிலும் 20 சதவீதம் குறைய வேண்டும், இடிக்காமல் விட்ட பழைய சுவரும் தரையும் அதில் நமக்குச் சாதகம்.

ஒரு வருத்தமும் உண்டு. புதுப்பிக்கும் நேரத்தில் ஓர் ஆலோசகர் விட்டுப்போன மாதங்களின் பதிவேட்டை உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்றார், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்க் கணக்கு எழுதி வாங்கும் போர்டைச் சுவரில் மாட்டி என்ன செய்வது? பதிவேடு விட்டுப்போனதற்குக் காரணம், படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது, பம்ப் ஆபரேட்டர் அண்ணனுக்கு அது புரியவில்லை. தமிழில் அச்சடித்துக் கொடுத்த பிறகு ஒரு நாள்கூட விடாமல் எழுதுகிறார். விண்ணப்பம் போடும் முன்னால் முதலில் இதைச் செய்யுங்கள், துணை மீட்டர் அதற்கு அடுத்து.