வெள்ளைக் கோடு போட்டால் பாதை ஆகிவிடுமா?

செருப்புக்கும் சார்ஜருக்கும்கூட பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள், தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற சைக்கிள் பாதைக்கு ஒருத்தரும் எழுதக் காணோம். சரி, நானே எழுதிவிடுகிறேன். வேலைக்குப் போக வர தினமும் சைக்கிள்தான், வழியில் எல்லா ரகமும் வருகிறது. மதிப்பெண் ஐந்துக்கு.

முதல் ரகம், ரோட்டு நடுவில் ஒரு சைக்கிள் படமும் மேலே இரண்டு அம்பும் மட்டும் வரைந்து வைப்பது. ஷாரோ என்று பெயர். பாதை எங்கே என்று தேடாதீர்கள், படம்தான் பாதை. பின்னால் ஒருத்தர் ஹாரனில் கையை வைத்து அழுத்தும்போது இறங்கி நின்று படத்தைக் காட்டவா முடியும்? பூஜ்யம்.

அடுத்தது வெறும் வெள்ளைக் கோடு. ஆரம்பத்தில் இதை நம்பினேன். ஓட்ட ஓட்டத்தான் புரிந்தது, கோடு இருந்தால் கார்க்காரர் என்னைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்க்கிறார். நான் என் கோட்டுக்குள், நீ உன் கோட்டுக்குள், அப்புறம் எதற்கு ஒதுங்க வேண்டும் என்ற கணக்கு. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்திருந்தேன். ஆனால் மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் சைக்கிள்களில் கருவி பொருத்தி அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான், கோடு போட்ட ரோட்டில் வண்டிகள் இன்னும் நெருக்கமாக உரசிப் போகின்றன.

கோட்டுக்குப் பக்கத்திலேயே கார்களை நிறுத்த விட்டிருந்தால் இன்னும் மோசம். ஒருநாள் நின்றிருந்த காரின் கதவு பட்டென்று திறந்தது, ஹேண்டில்பார் முனை அதில் இடித்து நான் ரோட்டுப் பக்கம் விழுந்தேன், முழங்கை தோல் உரிந்ததோடு போனது, பின்னால் வண்டி எதுவும் வராதது என் நல்ல நேரம். அன்றிலிருந்து நிற்கிற ஒவ்வொரு காரின் பின் கண்ணாடி வழியாகவும் உள்ளே தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். வேலைக்குப் போகிறேனா, உளவு பார்க்கிறேனா என்றே தெரியவில்லை. நெதர்லாந்தில் கதவைத் திறக்க அதன் பக்கத்துக் கையை விட்டுவிட்டு மறு கையை நீட்டப் பழக்குவார்கள், உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். காசில்லாத வைத்தியம். கோட்டுக்கு ஒன்று. இரட்டைக் கோடு போட்டு நடுவில் பட்டை அடித்திருந்தால் இரண்டு.

பிளாஸ்டிக் கம்பம் நட்ட பாதைக்கு மூன்று. அந்தக் கம்பம் காரைத் தடுக்காது, இடித்தால் வளைந்து கொடுக்கும், பாதிக்கு மேல் படுத்துத்தான் கிடக்கின்றன. இருந்தும் மனசுக்கு ஏதோ செய்கிறது. முதல் நாள் அதில் போனபோது பாதி வழியில்தான் கவனித்தேன், பின்னால் வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கவில்லை, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல் வைத்துப் பிரித்த பாதை, அல்லது கோபன்ஹேகனில் இருப்பது மாதிரி ரோட்டைவிட உயரமாகவும் நடைபாதையைவிடத் தாழ்வாகவும் கட்டியது, அதுதான் பாதை. நாலரை. அரை மதிப்பெண்ணைப் பிடித்து வைத்தது குப்பைக்காக. ரோடு பெருக்கும் வண்டி உள்ளே நுழையாத அகலத்தில் கட்டிவிட்டால் மணலும் கண்ணாடிச் சில்லும் அங்கேயேதான் கிடக்கும். ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு பஞ்சர்.

என் அக்காவை ஒருமுறை இதில் கூட்டிப் போனேன். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் சைக்கிள் திட்டங்களைப் பார்த்துக்கொண்ட ரோஜர் கெல்லர் 2006இல் ஊர் மக்களை நான்காகப் பிரித்தார். எந்த ரோட்டிலும் துணிந்து ஓட்டுகிறவர்கள் 1 சதவீதம்கூட இல்லை, ஆசை இருந்தும் பயப்படுகிறவர்கள் சுமார் 60 சதவீதம் என்பது அவர் கணிப்பு. அக்கா அந்த 60இல் ஒருத்தி. கல் வைத்த பாதையில் கதை பேசிக்கொண்டே வந்தவள், சிக்னல் வந்ததும் "இதுக்கப்புறம் பாதை எங்கேடா?" என்று கேட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எல்லாப் பாதையும் சரியாக ஜங்ஷனில்தான் காணாமல் போகிறது, மோதல் நடக்க வாய்ப்பு அதிகமான இடமும் அதுதான். அதிலும் ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை போட்டிருந்தால் கவனம், ஓட்டும்போது சொகுசாக இருக்கும், ஆனால் திரும்புகிற கார்க்காரர் அந்தத் திசையிலிருந்து சைக்கிள் வரும் என்று நினைத்தே பார்ப்பதில்லை. டச்சுக்காரர்கள் மூலையில் சின்னதாக ஒரு மேடை கட்டிவிடுகிறார்கள், கார் மூலையைக் குறுக்கே வெட்டாமல் வேகம் குறைந்து திரும்ப வேண்டும், சைக்கிளைத் தாண்டும்போது நேருக்கு நேராகப் பார்த்தாக வேண்டும். என் வழியில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஜங்ஷன்களுக்கு அரை மதிப்பெண், அதுவும் சைக்கிளுக்குத் தனி சிக்னல் இருக்கிற அந்த ஒரு இடத்துக்காக.

இப்போது பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டுதான் போகிறேன், அந்த வழியில் சிக்னல் இரண்டு குறைவு.