போலீஸ் சட்டைக் கேமரா: எந்த விதி நமக்கு ஆகும்?

2013 பிப்ரவரியில், எங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து டேவிட்டனில், மிடோ மாசியா என்ற மொசாம்பிக் டாக்சி ஓட்டுநரைப் போலீஸ் வேனில் கட்டி இழுத்துப் போனார்கள். லாக்கப்பிலேயே உயிர் போய்விட்டது. தெருவில் நின்றவர்கள் கைப்பேசியில் எடுத்த வீடியோதான் உலகத்துக்குக் காட்டியது. 2015இல் எட்டுப் போலீஸாருக்குத் தலா 15 வருடம் தண்டனை. டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில், ராத்திரி ஆளில்லாத ரோட்டில் வண்டியை நிறுத்தினால் யார் வீடியோ எடுப்பது? அதனால்தான் போலீஸ் சட்டையிலேயே கேமரா வேண்டும் என்கிறேன். ஆனால் எந்த விதியோடு?

பொத்தானை அழுத்துவதைப் போலீஸ்காரர் விருப்பத்துக்கே விடுவது ஒரு வழி. அடிக்கப் போகிறவர் முதலில் கேமராவைப் போடுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. டியூட்டி முழுக்க ஓடவிடுவது இன்னொரு வழி. கோயில் மண்டபத்தில் இதைப் பேசியபோது ஓர் ஆன்ட்டி கேட்டார்: "புருஷன் அடிச்சான்னு நான் போலீஸைக் கூப்பிட்டா, என் அழுகையையும் சேர்த்தா எடுப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே நடுவழிதான் சரி: நிறுத்துதல், சோதனை, கைது, பலப் பிரயோகம் என்றால் கட்டாயம் ஓட வேண்டும்; வீட்டுக்குள் பாதிக்கப்பட்டவர் கேட்டால் நிறுத்தலாம். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய வினாடிகளும் பதிவாக வேண்டும். 2017இல் அமெரிக்காவின் பால்டிமோரில், போதைப்பொருளைக் கண்டெடுப்பதுபோல் காட்டிய ஒரு போலீஸ்காரரைப் பிடித்துக்கொடுத்தது அந்த 30 வினாடிதான்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பது சின்ன விஷயம். வழக்குக்கு வேண்டாததைப் பிரிட்டனில் வழக்கமாக 31 நாளில் அழிக்கிறார்கள். அது நமக்குப் போதாது. பயந்த குடும்பம் புகார் கொடுக்கவே சில மாதம் ஆகும்.

பெரிய விஷயம், பதிவு யார் கையில் என்பது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2016 சட்டப்படி, நகல் வெளியே வர நீதிமன்ற உத்தரவு வேண்டும். 2021இல் அதே மாநிலத்தின் எலிசபெத் சிட்டியில் போலீஸ் ஒருவரைச் சுட்டுக்கொன்ற பிறகு, குடும்பத்துக்கு முதலில் காட்டியது 20 வினாடி மட்டுமே என்றார்கள் அவர்களின் வழக்கறிஞர்கள். கலிஃபோர்னியாவில், 2019 ஜூலை முதல், துப்பாக்கிச் சூடோ உயிர்ச்சேதமோ என்றால் 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். விசாரணை கெடும் என்று காரணம் காட்டி ஒரு வருடம் வரை தள்ளலாம்; அதற்கும் மேல் தள்ள இன்னும் வலுவான ஆதாரம் காட்ட வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லாத வீட்டுக்கு முதல் விதியால் ஒரு பயனும் இல்லை. நான் இரண்டாவது பக்கம்.

நம் நாட்டில் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. லாக்கப் மரணம் என்றால் போலீஸ் உடனே சுயாதீனப் போலீஸ் விசாரணை அமைப்பான ஐபிட்டுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்தில் எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்கிறது 2011ஆம் வருடச் சட்டம். அந்த எழுத்தோடு வீடியோ நகலும் போகட்டும். குடும்பத்துக்குக் காட்ட 45 நாளையே கெடுவாக வைக்கலாம், ஒரு வருடம் தள்ளிப்போடும் அந்த வாசலை அடைத்துவிட்டு.